ஆரூரன்ர முழங்கால்

கையை எடும் தம்பி. அந்த வெள்ளைக் காரில கை வைக்காதையும். கண்ணாடியில விலை எழுதி ஒட்டிக் கிடக்கெண்டு எனக்கும் தெரியும். அது நான் ஒட்டினதில்லை, என்ர மனுசி ஒட்டினது. இந்த யார்டில முப்பத்தாறு கார் நிக்குது. நீர் எல்லாத்தையும் விட்டிட்டு நேர வந்து அதில நிண்டால் எனக்கு விசர் வருமோ வராதோ?

சரி, கோவிக்காதையும். நான் கதைக்கிறதே உப்பிடித்தான். மெல்பேர்னில, இந்த டண்டினோங்கில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், சிவபாதத்திட்டைக் கார் வாங்கப் போறதெண்டால் காதில பஞ்சு வைச்சுக்கொண்டு போ எண்டு. இந்த ரயருக்கு மேல இரும். வந்து எவ்வளவு காலம்? எட்டு மாசமோ? எட்டு மாசத்தில கார் வாங்க வந்திட்டீர், கெட்டிக்காரன். நான் கோழி ஃபாக்டரியில நாலு வருசம் நிண்டனான். அதுக்குப் பிறகு கார் கழுவினன். பிறகு ஏலத்தில ஒரு ஓட்டைக் கார் எடுத்து, திருத்தி வித்தன். பள்ளிக்கூடம் ஒண்டும் எனக்குப் படிப்பிக்கேல்லை. ஏமாத்தினவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பாடம் படிப்பிச்சவன்.

அந்த வெள்ளைக் கார் என்ர மகன்ர.

ஆரூரன். தேவாரம் பாடின சுவாமியின்ர பேரெண்டு ஆசையா வைச்சன். இப்ப பேர்த்தில அவனை 'ரூ' எண்டு கூப்பிடுறாங்கள். ரூவாம்! கங்காருவில பாதி. அரியண்டம்.

ஓம், அவனேதான். பேப்பரில பார்த்தனீரோ? பார்த்தும் என்ன? அந்த விளையாட்டைப் பற்றி உமக்கு ஒண்டும் தெரியாது, முகத்திலேயே விளங்குது. எனக்கும் பதினைஞ்சு வருசம் விளங்கேல்லை. நாங்கள் ஊரில அடிச்ச ஃபுட்போல் இல்லை இது. பந்து முட்டை மாதிரி, மைதானமும் முட்டை மாதிரி. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையாலயும் குத்தலாம், காலாலயும் அடிக்கலாம், ஒருத்தன்ர முதுகில முழங்காலை ஊண்டி ஏறிப் பந்தைப் பிடிக்கலாம். அதுக்குச் சனம் எழும்பி நிண்டு கத்தும். ரோட்டில செய்தால் பொலிஸ் பிடிக்கும்.

இவன் ஏழு வயசில இந்த யார்டுக்குள்ளதான் அடிச்சுப் பழகினவன். ரெண்டு காருக்கு நடுவில இடைவெளி விட்டு, அதுக்குள்ளால பந்தை அனுப்புவான். எத்தினை சைட் கண்ணாடி உடைஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறீர்? உடைக்கிற ஒவ்வொருக்காலும் பேசினன். ஆனால் கார் ரெண்டையும் ஒவ்வொரு கிழமையும் கிட்டக் கிட்ட நெருக்கி விட்டது ஆர்? நான்தான்.

பதினெட்டு வயசில உயரம் ஆறடி நாலு. என்ர குடும்பத்தில ஒருத்தரும் கதவு நிலையில தலை அடிச்சவையில்லை. இவன் அடிச்சான். இடது காலால அடிச்சால் பந்து போய் நிக்கிற இடத்தில ஒரு ஆள் நிப்பான், அவன்ர நெஞ்சில போய் விழும். கிளப்பெல்லாம் மோப்பம் பிடிச்சு வரத் தொடங்கிச்சுது.

இப்ப கேளும். இவங்கள் ஆள் எடுக்கிற முறையைக் கேட்டால் உமக்கும் வாந்தி வரும். கிளப் எல்லாம் வரிசையில நிக்கும், ஒவ்வொண்டாப் பேர் சொல்லிக் கூப்பிடும். எது முதல் கூப்பிடுதோ அதுக்குத்தான் பெடியன். எந்த ஊரெண்டாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தேப்பனிட்ட ஒரு சொல் கேக்க மாட்டாங்கள். சம்பளமும் முன்னமே எழுதி வைச்சது, கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. பேரம் இல்லாத வியாபாரம் தம்பி! அதைப் பெரிய நீதி எண்டு சொல்லுறாங்கள். சந்தையில மாட்டை விக்கிறவன்கூட வாங்கிறவன்ர கையைத் துண்டுக்குள்ள பிடிச்சு ரெண்டு விரல் கூடக் கேப்பான்.

மெல்பேர்ன் கிளப் ஒண்டில ஷேன் எண்டு ஒருத்தன், ஆள் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்து மனுசி சுட்ட வடையில ஆறு சாப்பிட்டவன். "எங்கட முறை வரைக்கும் மிஞ்சினால் இவனைக் கட்டாயம் எடுப்பம்" எண்டான். அவங்கட முறை பதினாலாவது. அதுக்கு முன்னால நிண்டதுகளில இவனில கண் வைச்சது பேர்த், அடிலெய்ட், பிரிஸ்பேன். மூண்டு ஊர்க்காரரும் இவனைச் சுத்திக்கொண்டு நிண்டாங்கள்.

பேர்த் எண்டால் என்னெண்டு தெரியுமோ? நாலு மணித்தியாலப் பிளேன். அதுக்குச் சிங்கப்பூருக்குப் பாதி வழி போகலாம். மனுசி சொன்னாள், "ரெண்டு வருச ஒப்பந்தம்தானேயப்பா" எண்டு. ரெண்டு வருசம்! என்ர அப்பரும் என்னை அனுப்பேக்க ரெண்டு வருசம் எண்டுதான் சொன்னவர். பிறகு நான் அவற்ர முகத்தைப் பார்த்தது செத்தவீட்டு வீடியோவில. சரி, அது வேற கதை.

உமக்கொரு தொழில் ரகசியம் சொல்லுறன். ஏலத்தில எனக்கு ஒரு கார் பிடிச்சுதெண்டால் நான் என்ன செய்வன்? கிட்டப் போவன். பொனெட்டைத் திறப்பன். குனிஞ்சு மணப்பன். பிறகு மூஞ்சையை இப்பிடி வைச்சுக்கொண்டு, பாரும், இப்பிடி, மெல்ல மூடிப்போட்டு நடப்பன். சுத்தி நிக்கிற வியாபாரியள் என்ர மூஞ்சையைப் பார்த்திட்டு அடுத்த காருக்குப் போயிடுவாங்கள். கடைசியில கை தூக்கிறது நான் ஒருத்தன்தான். இருபது வருசமா ஒருக்காலும் பிழை விட்டதில்லை.

அந்த வருசம் ஆகஸ்ட் மாசம், இஞ்ச அது நல்ல குளிர்காலம். ஒரு மட்ச் தொடங்க முன்னம், மைதானத்துக் கார் நிறுத்துற இடம். இந்த வெள்ளைக் காரிலதான் வந்தனாங்கள். முன் சீற்றில இவன் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான், மனுசி வீட்டில சூடாக்கிக் கொண்டு வந்த நல்லெண்ணெயைக் கீழ குந்தி இருந்து முழங்காலில பூசுறாள். எட்டு வயசில இருந்து ஒவ்வொரு மட்சுக்கும் பூசுவாள். முழங்காலில ஒரு வருத்தமும் இல்லை. குளிருக்குப் பூசுறது. தாய்க்கு ஏதோ ஒண்டு செய்யவேணுமெல்லே.

அந்த நேரம் பேர்த் கிளப்பின்ர ஆள் வாறான். நெவில் எண்டு பேர். எழுபது வயசு, பழைய தொப்பி, கதை குறைவு. மனுசி எண்ணெய் பூசுறதைப் பார்த்துக்கொண்டு நிண்டான்.

எனக்குப் பளிச்செண்டு அடிச்சுது.

ஆளை ஒரு பக்கமாத் தள்ளிக்கொண்டு போனன். குரலைத் தாழ்த்தி, "ஐயா, நீங்கள் பெரிய மனுசன், உங்களை ஏமாத்த மனமில்லை" எண்டன். "வலது முழங்கால். குளிருக்கு வீங்கும். எக்ஸ்ரே படம் பிடிச்சாலும் தெரியாது. வெளியில சொல்லாதேங்கோ." சொல்லிப்போட்டு மூஞ்சையை வைச்சன். இந்த மூஞ்சைதான்.

அவன் என்ர முகத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான், தொப்பியைக் கொஞ்சம் இறக்கி விட்டிட்டுப் போனான். அடிலெய்ட்காரனுக்கும் பிரிஸ்பேன்காரனுக்கும் அடுத்தடுத்த கிழமை அதே மருந்து. ஷேனுக்கு மட்டும் மூச்சு விடேல்லை. அவனுக்கு வடை. எப்பிடி என்ர கணக்கு? மூண்டு பேரும் விலகுவாங்கள், பதினாலாவது ஷேன் கை தூக்குவான், பெடியன் வீட்டில இருந்து பயிற்சிக்குப் போவான்.

சிரிக்காதையும். நடந்ததைக் கேளும்.

பேர் கூப்பிடுற அண்டைக்கு வீட்டில அறுபது பேர். கொத்துரொட்டிக்கு ஆள் பிடிச்சு முற்றத்தில அடிக்குது. இவன் புது ஷேர்ட் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால. பேர்த் வேற ஒருத்தன்ர பேர் சொல்லிச்சுது. எனக்கு மனசுக்குள்ள வாணவேடிக்கை. அடிலெய்ட் வேற ஒருத்தன். பிரிஸ்பேன் வேற ஒருத்தன். மனுசியின்ர தோளில தட்டினன். பதினாலாவது ஷேன்ர கிளப்.

பலறாட் எண்ட ஊரில இருந்து ஒரு செம்பட்டைத் தலையன்ர பேர்.

அதுக்குப் பிறகு பதினைஞ்சு, இருவது, முப்பது, அம்பது. ஒரு கோதாரியும் இவன்ர பேரைச் சொல்லேல்லை. கொத்துரொட்டிக்காரனும் தட்டுறதை நிப்பாட்டிப்போட்டான். சனம் மெல்ல மெல்லச் செருப்பைத் தேடுது. என்ர மச்சான் ஒருத்தன், வாய் சும்மா கிடக்காது, "அத்தான், பெடியன் ஐ.ரி. படிக்கலாம்தானே" எண்டான். அவனை நான் பிறகு ரெண்டு வருசம் வீட்டுக்குக் கூப்பிடேல்லை. ஆரூரன் ஷேர்ட்டின்ர மேல் பொத்தானைக் கழட்டினான். அறைக்குள்ள போனான்.

வடை தின்ற வாயாலயே ஏமாத்திப்போட்டான் ஷேன். இண்டைக்கும் நான் அதைத்தான் சொல்லுவன். அந்த ஆள் பார்க்கிறவங்கள் எல்லாரும் ஒண்டா இருந்து கோப்பி குடிக்கிற கூட்டமெண்டு எனக்கு ஆர் சொன்னது? ஏலத்தில நாங்கள் ஒருத்தனோட ஒருத்தன் கதைக்க மாட்டம். அதுதான் ஒழுங்கு. இவங்களுக்கு ஒழுங்கு கிடையாது. ஒருத்தனுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அருவருப்பான சனம்.

ரெண்டு நாள் கழிச்சு, மிச்சம் மீதியைப் பொறுக்கிற ஒரு நாள் வைப்பாங்கள். ஏலம் முடிய, சில்லுப் போனதையும் இயந்திரம் போனதையும் ஒரு மூலையில தள்ளி விடுவாங்கள் பாரும், அது மாதிரி. மேலதிக ஆள் எண்டு எடுக்கிறது. ஒரு வருசம்தான், சம்பளமும் அடிமட்டம். அதில நெவில் எடுத்தான். பேர்த்!

எனக்கு ரத்தம் கொதிச்சுது. முதல்நாள் விலை குடுத்து எடுக்க வேண்டியவனைக் குப்பைக்குள்ள விட்டு, பிறகு குனிஞ்சு பொறுக்கியிருக்கிறான் கிழவன். "போகாதை" எண்டன். "அடுத்த வருசம் பார்ப்பம், நான் கதைக்கிறன்." ஆரூரன் என்னைப் பார்த்தான். "அப்பா, இந்தமுறை நீங்கள் ஆரோடயும் கதைக்காதேங்கோ" எண்டிட்டு சூட்கேஸை எடுத்தான்.

அங்க போனால் என்ன ராசமரியாதையெண்டு நினைக்கிறீர்? நாப்பது பாகை வெயிலில மண்மேட்டில ஏறி இறங்கி ஓட விடுறது. வாந்தி எடுத்தால், வாயைத் துடைச்சிட்டு ஓடு. கிழமைக்கொருக்கால் இடுக்கி ஒண்டு வைச்சு வயித்துத் தோலைக் கிள்ளிக் கொழுப்பு அளக்கிறது. கிடாய் வாங்கிறவன்கூட அப்பிடி அமத்திப் பார்க்க மாட்டான். புட்டு வேண்டாம், சோறு ஒரு கைபிடி, கோழி அவிச்சது, உப்பில்லாமல். இருக்கிறதுக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின்ர வீடு. அந்த வீட்டுக்காரியை இவன் 'ரெண்டாவது அம்மா' எண்டு கூப்பிடுறானாம். என்ர மனுசி அதைச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள். எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

தை மாசம் ஒருநாள் ஃபோன் எடுத்தான்.

"அப்பா, இஞ்ச டொக்டர் என்ர வலது முழங்காலை நாலுதரம் படம் எடுத்திட்டார். ஏன் எண்டு கேட்டன். உன்ர அப்பாதான் சொன்னவர் எண்டார்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

"எத்தினை பேருக்குச் சொன்னீங்கள்?"

"மூண்டு பேருக்கு."

"ஷேனுக்குமா?"

"சீச்சீ! ஷேனுக்குச் சொல்லேல்லையடா. சாமி சத்தியமா."

"அப்ப ஷேனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அவனைக் கேள்!"

பிறகு, "அம்மாட்டைக் குடுங்கோ" எண்டான். அண்டையில இருந்து எப்ப எடுத்தாலும் அதுதான் கதை. "எப்பிடி அப்பா, அம்மாட்டைக் குடுங்கோ." ஆளை வளர்த்துவிட்டால் இதுதான். பத்து வருசம் விடிய அஞ்சு மணிக்குக் குளிருக்குள்ள கார் ஓடிக் கொண்டுபோய் விட்டவன் நான்.

முதல் வருசம் பாதி, ரெண்டாந்தரக் குழுவில விளையாடினான். நூறு பேரும் ஒரு நாயும் பார்க்கிற மட்ச். ஜூலையில ஆருக்கோ தோள் விலக, இவனைப் பெரிய குழுவுக்குக் கூப்பிட்டாங்கள். எனக்கும் மனுசிக்கும் ரிக்கெட் வந்துது. போனம்.

முதல் முறை இறங்கிற பெடியனுக்கு அங்க ஒரு சடங்கு இருக்கு. மட்சுக்கு முன்னம் குழு முழுக்க ஒரு அறையில இருக்கும். வீட்டு ஆள் ஒருத்தர் எழும்பி, பெடியன்ர ஜேர்சியைக் கையில குடுத்து ரெண்டு வார்த்தை சொல்ல வேணும். தேப்பன்தான் குடுக்கிறது வழக்கம். நான் பிளேனில நாலு மணித்தியாலமும் எழுதினன். கோழி ஃபாக்டரியில தொடங்கி எல்லாம் எழுதினன். நல்ல இங்கிலீசு.

அறைக்குள்ள போனம். மாடு மாதிரி நாப்பது பேர், கதிரை கொள்ளாமல். கோச் எங்களைப் பார்த்துச் சிரிச்சான். நான் கடுதாசியை எடுத்துக்கொண்டு எழும்பினன். ஆரூரன் மெல்லச் சொன்னான்: "அப்பா, நீங்கள் இருங்கோ. அம்மா குடுக்கட்டும்."

இருந்தன். என்ன செய்ய? நாப்பது பேர் பார்க்கிறாங்கள்.

என்ர மனுசி வதனி, வங்கியில ஒரு கேள்வி கேக்கிறதெண்டாலும் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுறவள். அவள் எழும்பினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஜேர்சியைக் குடுத்தாள். பிறகு தன்ர இங்கிலீசில சொன்னாள்: "பத்து வருசமா இவன்ர காலுக்கு எண்ணெய் பூசினது நான். இந்தக் காலில ஒரு குறையும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

அவ்வளவுதான். இருந்திட்டாள்.

அறை இடிஞ்சு விழுற மாதிரிக் கை தட்டினாங்கள். சில பேர் கண்ணைத் துடைச்சாங்கள். அவங்களுக்கு என்ன தெரியும்? ஏதோ தாய்ப்பாசம் எண்டு நினைச்சிருப்பாங்கள். அந்த அறையில அந்தக் கதை ஆருக்குச் சொன்னதெண்டு விளங்கினது நாலு பேருக்கு. அவளுக்கு, மகனுக்கு, எனக்கு. நாலாவது, சுவரோட சாய்ஞ்சு நிண்ட அந்தத் தொப்பிக்காரன். நாப்பது பேருக்கு முன்னால கட்டின புருசனை இப்பிடி அவமானப்படுத்தினவளை நீர் எங்கையும் கேள்விப்பட்டனீரோ?

மட்சோ? அடிச்சான். மூண்டாம் பகுதியில அம்பது மீற்றரில இருந்து ஒண்டு அடிச்சான், நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையால போச்சுது. முதல் கோல் அடிச்சால் பதினேழு பேரும் ஓடி வந்து மேல விழுவாங்கள். அதுவும் சடங்கு. ஒரே வேர்வை, சளி, கட்டிப்பிடி. அரியண்டம். எனக்குப் பக்கத்தில இருந்த மனுசன் கேட்டான், "ஏன் அழுறாய்?" எண்டு. வெயில் கண்ணில பட்டது தம்பி. ஜூலை மாசமெண்டாலும் அங்க வெயில் இருக்கும்.

வெளியில வரேக்க நெவில் நிண்டான். விடுவனோ? "நீ ஒரு கள்ளன்" எண்டன். "நல்ல சாமானை ஓட்டை விலைக்கு எடுத்தனி. முழங்கால் நல்லமெண்டு தெரிஞ்சு வைச்சுக்கொண்டுதானே பேசாமல் இருந்தனி?"

கிழவன் கோவிக்கேல்லை. "என்ர அப்பா குதிரை வித்தவர்" எண்டான். "ஒரு குதிரைக்கு மட்டும், ஆர் கேட்டு வந்தாலும் கால் சரியில்லை எண்டுதான் சொல்லுவார். அது சாகுமட்டும் எங்கட வீட்டிலதான் நிண்டது." தொப்பியை இறக்கி விட்டிட்டுப் போனான். குதிரையாம்! நான் முழங்காலைப் பற்றிக் கேட்டால் இவன் குதிரைக் கதை சொல்லுறான். மறதி வருத்தமாக்கும்.

ஒவ்வொரு வருசமா நீட்டிக்கொண்டு வந்தவன், போன கிழமை அங்க மூண்டு வருசத்துக்கு ஒப்பந்தம் வைச்சிட்டான். இந்தமுறை பேரம் பேசலாம், சட்டம் விடுது. என்னைக் கேக்கேல்லை. தானே பேசி, அவங்கள் சொன்னதை விட ஒரு பங்கு கூட வாங்கியிருக்கிறான். ஆரிட்டைப் படிச்சான் எண்டு நினைக்கிறீர்? அதைச் சொல்ல வாய் வராது. தாயிட்டை மட்டும் சொல்லியிருக்கிறான், "கார் சும்மா நிக்குது, வித்துப்போடுங்கோ. நான் இனி அங்க வந்து இருக்கப் போறேல்லை" எண்டு. அண்டைக்கே அவள் விலை எழுதி ஒட்டிப்போட்டாள். மூண்டு வருசம் நான் மூலையில நிப்பாட்டி, ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டார்ட் பண்ணி விட்ட காரை முன்னுக்கு எடுத்து விட்டதும் அவள்தான். அந்தா, ஒஃபிஸ் கண்ணாடிக்குள்ளால பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பார்க்கட்டும்.

என்ன? எழுதின விலையே தாறீரோ? குறைச்சுக் கேக்காமல்? சீ, நீர் என்ன பெடியன். பேரம் பேசத் தெரியாதவனுக்கு நான் சாமான் குடுக்கிறேல்லை.

இல்லைத் தம்பி, பொறும். இப்பிடி வாரும். முன் கதவைத் திறக்கிறன். தலையை உள்ளுக்கை விட்டு வடிவா மணந்து பாரும். மணக்குதெல்லே? சீற்றில, கீழ விரிச்ச கம்பளத்தில, எல்லா இடத்திலயும். ஓம், எண்ணெய்தான். மூண்டு வருசமா எத்தினைதரம் கழுவியும் போகேல்லை. எண்ணெய் மணக்கிற காரை ஆரும் வாங்குவினமோ? கியர்ப்பெட்டியும் சரியில்லை. படம் பிடிச்சாலும் தெரியாது, குளிருக்குத்தான் சத்தம் போடும். நீர் ஊருக்குப் புதுசு, நல்ல பெடியன், உம்மை ஏமாத்த எனக்கு மனமில்லை. என்ர மூஞ்சையைப் பாரும்.

கதவைச் சாத்தும். மெல்லச் சாத்தும்.

வாரும், அங்கால அந்த நீலக் காரைக் காட்டுறன். அது நல்ல கார்.